முதுகைப் பார்க்கக் கற்ற கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. சாயங்காலம் காபி குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள். கடைசிவரை படியுங்கள், முக்கியமாக இப்போது ஆசிரியராக இருப்பவர்கள்.

பேத்தி பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறாள் அல்லவா, பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். கல்லூரி திறந்ததும் செய்முறைத் தேர்வாம். தோலுக்கு மேலே கையால் தடவிப் பார்த்தே உள்ளே எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும். பாடம் முதுகு. பழகிப் பார்க்க ஒரு முதுகு வேண்டும். வீட்டில் சும்மா இருப்பது என் முதுகுதான்.

பழைய ரவிக்கை ஒன்றை முன்பின்னாக மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். புருவம் வரையும் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். "ஆச்சி, ஆடாம இருங்க, கோடு கோணிரும்" என்று அதட்டல் வேறு. 38 வருஷம் பிள்ளைகளை நான் அதட்டியது திரும்பி வந்துவிட்டது!

முடிந்ததும் செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள். 67 வயதில் என் முதுகை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள். நம் முகத்தைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறோம். முதுகை அடுத்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களெல்லாம் நான் கரும்பலகையில் எழுதும்போது என் முதுகை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள். என்னைவிட உங்களுக்கு அதை நன்றாகத் தெரியும்.

அத்தோடு விடவில்லை. "நீங்கதான் சார்ட் நல்லா வரைவீங்களே, இதையும் வரைஞ்சு தாங்க" என்றாள். பெருமையோடு வரைந்தேன். நடுவில் மேடாக ஒரு முதுகுத்தண்டு, இரண்டு பக்கமும் முக்கோணமாகப் பட்டை எலும்பு. பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆச்சி, இது முதுகு இல்ல, ஏணி."

அவள் சொன்னது சரிதான். ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகை ஓவியம் எங்களுக்கு ஒரு பாடம். எலும்புக்கூடு வரைந்து பாராட்டு வாங்கியவள் நான். ஆனால் எப்போதும் முன்பக்கம்தான் வரைவேன். முன்னால் இருந்து பார்த்தால் முதுகெலும்பு நேர்க்கோடு, வரைவது சுலபம். அதையே வருஷா வருஷம் உங்களுக்கும் வரைந்து காட்டினேன்.

உண்மையான முதுகில் நடுவில் இருப்பது மேடு அல்ல, பள்ளம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு நீளமான தசைத் தூண்கள் எழும்பி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே எலும்பு பள்ளத்தில் கிடக்கிறது. எலும்பு இருக்கிறது என்று தெரிந்ததால் மேடாக வரைந்துவிட்டேன். கண்ணால் பார்த்ததை வரையவில்லை, தெரிந்ததை வரைந்தேன்.

இந்தத் தவறை மனிதர்கள் எத்தனை காலம் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கேலன். 2ஆம் நூற்றாண்டுக்காரர், பெர்கமம் நகரத்தில் வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பெரிய அறிஞர். ஆனால் அந்தக் காலத்தில் மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லை. குரங்குகளையும் பிற விலங்குகளையும் அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதினார். அவர் எழுதியது சுமார் 1300 ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் எப்படி நடந்தது தெரியுமா? பேராசிரியர் உயரமான நாற்காலியில் இருந்து புத்தகத்தைப் படிப்பார். கீழே சவரத் தொழிலும் அறுவையும் தெரிந்த ஒருவர் உடலை அறுப்பார். மாணவர்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். படிப்பவர் உடலைத் தொடுவதில்லை, தொடுகிறவர் புத்தகம் படிப்பதில்லை. உடலில் தெரிவது ஒன்றாகவும் புத்தகத்தில் இருப்பது வேறாகவும் இருந்தால் புத்தகம்தான் ஜெயிக்கும்.

முதுகெலும்பைப் பார்த்தபடியே வரைந்தவர் லியோனார்டோ டா வின்சி. மோனாலிசா வரைந்தவர் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நினைவிருக்கும். 1510, 1511 வாக்கில் பாவியா நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் மார்க்கன்டோனியோ டெல்லா டோரேயோடு சேர்ந்து வேலை செய்தார். ஒரே தாளில் முதுகெலும்பை முன்னால் இருந்தும் பக்கத்தில் இருந்தும் பின்னால் இருந்தும் வரைந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தால் அது கழுத்தில் முன்னே, மார்பில் பின்னே, இடுப்பில் மறுபடி முன்னே என்று நெளிந்து போகும். அந்த நெளிவும் எலும்புகளின் எண்ணிக்கையும் அவர் படத்தில் சரியாக இருக்கின்றன. ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 38 வருஷம் முன்பக்கத்தையே வரைந்த எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

ஆனால் அந்தப் படங்கள் அவர் காலத்து மாணவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. டெல்லா டோரே 1511இல் கொள்ளைநோயில் இறந்தார். லியோனார்டோ 1519இல் இறந்தார். தாள்கள் சீடரிடம் போய், கைமாறிக் கைமாறி, கடைசியில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. பல நூற்றாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. நல்ல பாடம் எழுதி வைத்து, வகுப்பெடுக்காமலே போன வாத்தியார் மாதிரி.

வகுப்பெடுத்தவர் வெசாலியஸ். 1514இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். 1537இல் இத்தாலியின் பாதுவாவில் ஆசிரியரானார். அவர் உயரமான நாற்காலியை விட்டு இறங்கித் தாமே கத்தியைப் பிடித்தார். 1543இல், 28 வயதில், மனித உடலின் கட்டமைப்பு பற்றிய பெரிய நூலை பாசெல் நகரத்தில் அச்சிட்டார். அதில் தசை மனிதர்கள் என்று ஒரு படவரிசை. ஒரு மனிதன் திறந்தவெளியில் முதுகைக் காட்டி நிற்கிறான். அடுத்த படத்தில் மேல்தசை இல்லை. அதற்கடுத்ததில் இன்னும் ஒரு அடுக்கு இல்லை. வெங்காயம் உரிப்பது போல எலும்புவரை போகிறது. பின்னால் குன்று, மரம், ஊர் எல்லாம் தெரிகின்றன. கழுத்திலிருந்து தோள், நடுமுதுகு வரை படரும் பெரிய தசையைத் துறவியர் போடும் முக்காடு போல இருக்கிறது என்பார்கள். படத்தைப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது.

கேலன் சொன்னதில் பல இடங்கள் தவறு என்று அவர் காட்டியபோது யாருக்குக் கோபம் வந்தது தெரியுமா? பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் சில்வியஸுக்கு. கேலன் எழுதியதில் பிழை இல்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிப்போயிருக்கும் என்று வாதாடினாராம். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வெசாலியஸ் அறுத்த உடல்களில் பெரும்பாலானவை தூக்கிலிடப்பட்டவர்களுடையவை. அந்த அழகான முதுகுகளுக்குச் சொந்தக்காரர் யார் என்று புத்தகத்தில் பெயர் இல்லை.

200 ஆண்டு கழித்து, நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் அல்பினஸ் என்ற பேராசிரியரும் வாண்டலார் என்ற ஓவியரும் சேர்ந்தார்கள். எலும்புக்கூட்டின் முன்னால் கயிற்றால் சதுரம் சதுரமாக வலை கட்டி, அதன் வழியாகப் பார்த்து, தாளிலும் அதே சதுரங்கள் போட்டு வரைந்தார்கள். நேரு மாமா படத்தைக் கட்டம் போட்டு வரையச் சொல்லிக்கொடுத்தேனே, அதே முறைதான்! எலும்புக்கூடு நிற்கும் நிலை சரியா என்று பார்க்க, உயிருள்ள மெலிந்த மனிதர் ஒருவரையும் அதே மாதிரி நிற்க வைத்துச் சரிபார்த்தார்கள். 1747இல் நூல் வந்தது. அதில் இரண்டு படங்களில் பின்னணியில் ஒரு காண்டாமிருகம் நிற்கும். கிளாரா என்று பெயர். நம் வங்காளத்திலிருந்து 1741இல் கப்பலில் போன குட்டி. சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்தப் படத்தைத் தேடிக் காட்டுங்கள்.

அடுத்து, உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் கையில் இருக்கும் கிரேயின் உடற்கூற்றியல், 1858. எழுதியவர் ஹென்றி கிரே. படங்கள் வரைந்தவர் ஹென்றி வேண்டைக் கார்ட்டர். இவரும் மருத்துவர், அப்பா ஓவியர். பழைய நூல்களில் படத்தில் எழுத்து போட்டு, விளக்கத்தைத் தனியாக அச்சிடுவார்கள். மாணவன் இங்கும் அங்கும் விரலை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கார்ட்டர் தசையின் பெயரைத் தசையின் மேலேயே எழுதிவிட்டார். எவ்வளவு சின்ன விஷயம், மாணவனுக்கு எவ்வளவு பெரிய உதவி! ஆனால் அவருக்குக் கிடைத்தது 150 பவுண்டு மட்டும். விற்பனையில் பங்கு கிடையாது. முதல் பக்கத்தில் அவர் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் செய்தார் கிரே. அந்த நூலுக்கு உடல் தந்தவர்கள் லண்டனில் கேட்பாரற்று இறந்த ஏழைகள். 1832இல் வந்த சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. கார்ட்டர் அதே 1858இல் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லி, தொழுநோய் ஆராய்ச்சி செய்து, 1888 வரை இங்கேயே உழைத்தார்.

தமிழில் இந்தப் படிப்பு எப்போது வந்தது? அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரே முதலியோரின் நூல்களைக் கொண்டு 'மனுஷ அங்காதிபாதம்' என்ற நூல் 1872இல் தமிழில் வந்தது. தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்று இன்றும் விவாதிக்கிறோம். 150 வருஷம் முன்னால் அங்கே படித்தே காட்டிவிட்டார்கள்.

சரி, முதுகுக்கு வருவோம். இத்தனை பேர் கண்டுபிடித்ததை என் பேத்தி ஐந்தாறு புள்ளிகளில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வரைய ஆசைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு முண்டு தட்டுப்படும். அது கழுத்தின் 7ஆவது எலும்பு. முதல் புள்ளி அங்கே. அங்கிருந்துதான் கீழ்நோக்கி எண்ண வேண்டும், மார்புக்கு 12, இடுப்புக்கு 5. அதற்குக் கீழே 5 எலும்புகள் ஒட்டி ஒரே முக்கோணமாக இருக்கின்றன. தோள்பட்டை எலும்பின் மேலே குறுக்காக ஒரு வரம்பு ஓடும். அதன் உள்முனை மார்பின் 3ஆவது எலும்பு மட்டத்தில் இருக்கும். கையைத் தொங்கவிட்டு நின்றால் பட்டை எலும்பின் கீழ்முனை 7ஆவது எலும்பு மட்டம். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் உச்சியைத் தொட்டுக் கோடு இழுத்தால், அது இடுப்பின் 4ஆவது எலும்பில் வெட்டும். அதற்குக் கீழே இரண்டு குழிகள். அந்தக் குழிகளையும் பிட்டப் பிளவின் மேல்முனையையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். இவற்றைப் புள்ளியாக வைத்துவிட்டுத்தான் பள்ளத்தையும் தசையையும் வரைய வேண்டும். பட்டை எலும்பு ஒரே இடத்தில் நிற்காது. கையைத் தூக்கினால் அது வெளிப்பக்கமாகச் சுழலும். அதனால் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் முதுகை வரையாதீர்கள்.

எல்லாம் குறித்த பிறகு, நூலில் சாவியைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போலக் கழுத்து முண்டிலிருந்து தொங்கவிட்டாள். நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, "இப்ப எந்திச்சு நின்னு, முட்டிய மடக்காம முன்னால குனிங்க ஆச்சி" என்றாள். இடுப்பு வலியோடு முடிந்தவரை குனிந்தேன். "எதுக்குட்டி இது?" என்றேன். அவள் சொன்ன பதிலில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கும் ஒரு கதை உண்டு. கிடியன் மான்டெல் என்று இங்கிலாந்தில் ஒரு மருத்துவர். இகுவானோடான் என்ற டைனோசருக்கு 1825இல் பெயர் வைத்தவர். 1841இல் குதிரைவண்டி விபத்தில் சிக்கினார். அதன் பிறகு முதுகில் தாங்கமுடியாத வலி. முதுகில் ஒரு புடைப்பு. கட்டி என்றார்கள். வலிக்கு அபின் எடுத்துக்கொண்டே காலம் தள்ளி 1852இல் இறந்தார். உடலைச் சோதித்த வில்லியம் ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர் கண்டது கட்டி அல்ல. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, திருகிக்கொண்டிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வெளியே தடவினால் தட்டுப்படும் எலும்பு நுனிகள் ஏறக்குறைய நேராகவே இருந்தன. உள்ளே எலும்பு முறுக்கிப் போயிருந்தது. நிமிர்ந்து நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க முடியாது, குனியச் சொன்னால் முறுக்கிய பக்கம் விலாப்புறம் மேடாக எழும்பும் என்று ஆடம்ஸ் எழுதினார். 1865இல் அவருடைய சொற்பொழிவுகள் நூலாக வந்தன. இன்றும் உலகம் முழுவதும் வளரும் பிள்ளைகளைக் குனியச் சொல்லிப் பார்ப்பது அந்த முறையில்தான். கருவி வேண்டாம், காசு வேண்டாம், அரை நிமிஷம் போதும்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

1986. எட்டாம் வகுப்பு. ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம். நன்றாகப் படிப்பாள். ஒரு தோள் தாழ்ந்திருக்கும். வலது பட்டை எலும்பு சட்டைக்கு மேல் துருத்தும். பாவாடை ஒரு பக்கம் ஏறியிருக்கும். பையை ஒரே தோளில் மாட்டுகிறாள், அதனால்தான் என்று நினைத்தேன். வயசுக்கு வந்த பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கூனுவார்களே, அப்படித்தான் என்று நினைத்தேன். "நிமிர்ந்து உட்கார்" என்று தினமும் சொல்வேன். மர ஸ்கேலால் முதுகில் தட்டியிருக்கிறேன். ஒருநாள் எல்லார் முன்னாலும் "கூனி மாதிரி உட்காராதே" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். நான் வைத்த பெயர்.

மூன்று வருஷம் கழித்து அவள் அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களாம். எலும்பே வளைந்து வளர்ந்திருக்கிறது, வளர்கிற வயதில் கொண்டுவந்திருந்தால் பெல்ட் மாதிரி ஒன்று போட்டு வளைவு கூடாமல் பார்த்திருக்கலாம், இனி ஆபரேஷன்தான் என்றார்களாம். அதற்கு அவர்களிடம் வசதி இல்லை. அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க தெனமும் நிமிந்து உக்காருன்னு சொல்லுவீங்களாமே டீச்சர். அவளும் நிமிரத்தான் பாத்திருக்கா" என்றார்.

இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷமும் நான் முதுகெலும்பு பாடம் நடத்தினேன். முன்பக்கத்து நேர்க்கோட்டைக் கரும்பலகையில் வரைந்தேன். கரும்பலகைக்குப் பத்தடி தூரத்தில் வளைந்த முதுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. பாடத்தில் இருப்பது சரி, பிள்ளையின் உடல்தான் தவறு என்று நினைத்தேன். சில்வியஸைப் பார்த்துச் சிரித்தவள் ஏன் நிறுத்திவிட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அம்மா, நீ இந்தப் பதிவைப் படிக்கிறாயா என்று தெரியாது. உன்னோடு படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். உன் டீச்சர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டவர்கள் யாராவது படித்தால், அந்தத் தவறு உங்களுடையது அல்ல, அதை ஆரம்பித்தவள் நான்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கவனியுங்கள். அம்மாக்களும் பாருங்கள், பிள்ளையைக் குளிப்பாட்டும் வயது தாண்டிய பிறகு நாம் அதன் முதுகைப் பார்ப்பதே இல்லை. ஒரு தோள் தாழ்ந்திருக்கிறதா, ஒரு பட்டை துருத்துகிறதா, பாவாடை ஏறி இறங்கி இருக்கிறதா, குனிந்தால் ஒரு பக்கம் மேடாக எழும்புகிறதா? அப்படித் தெரிந்தால் பெற்றவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்று சொல்லுங்கள். அது என்ன என்று டாக்டர் முடிவு செய்யட்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பிள்ளையிடம் மட்டும் வகுப்பில் வைத்து ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். போகும் முன் இன்னொரு தடவை வரைந்து காட்டினேன். கழுத்து முண்டில் ஆரம்பித்து, புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, நடுவில் பள்ளம் விட்டு. "இது முதுகு" என்றாள். பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டாள். இடது பட்டை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதாம். திருத்திவிட்டேன். படத்தை நாளைக்குப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்